பொருந்தியும் ஒவ்வாத றாம்: ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மடிக்கணினிக்கு மாற்று நினைவகம் (றாம்) வாங்குவது பற்றிய தமிழ்க் குறிப்பில் 'கம்பாட்டிபிள்' (compatible) வரும் இடத்துக்கு என்ன எழுதலாம் என்று போன கிழமை இங்கே கேட்டிருந்தேன். 'பொருத்தமான' போதும் என்று ஐயா எழுதினார். சென்னை அக்கா 'இணக்கமான' என்றார். 'ஒத்தியல்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்றும் ஒருவர் நினைவூட்டினார். மூன்றையும் வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில் இடறின.

அந்த இடறல் எங்கள் வீட்டு மேசையில் நடந்தது. தங்கச்சியின் மடிக்கணினி 4 ஜிபியோடு திணறிக்கொண்டிருந்தது. கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் 'டிடிஆர்3, 8 ஜிபி, லப்டொப் றாம்' என்று கேட்டேன், எடுத்துத் தந்தார்கள். வெள்ளவத்தைக்கு வந்து பின்மூடியைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சாய்வாக நுழைத்து அமுக்கினேன். இரண்டு பக்கக் கொளுக்கிகளும் டிக் என்று பிடித்தன. 204 தொடுமுனைகளும் உள்ளே, நடுவிலுள்ள வெட்டும் அதற்குரிய மேட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டேன். அதே கறுப்பு.

பழையதையும் புதியதையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பழையதன் ஒட்டுத்தாளில் 'பிசி3எல்', புதியதில் 'பிசி3'. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எல் இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும், இல்லாவிட்டால் அதற்கு 1.5 வோல்ட் வேண்டும். தங்கச்சியின் கணினியில் இருப்பது 4ஆம் தலைமுறை இன்டெல் செயலி, 1.35 வோல்ட் நினைவகத்தை எதிர்பார்ப்பது.

இப்போது சொல்லுங்கள் ஐயா, அந்த றாம் பொருந்தியதா இல்லையா? பொருந்தியது. கொளுக்கியே சாட்சி. ஆனால் வேலை செய்யவில்லை. 'பொருத்தமான நினைவகம் வாங்குங்கள்' என்று எழுதினால், வாசிப்பவர் செருகிப் பார்த்து, சரி, பொருந்திவிட்டது என்றுதான் நினைப்பார். டிடிஆர்3க்கும் அடுத்த தலைமுறையான டிடிஆர்4க்கும் இடையில் இந்தக் குழப்பம் வராது. அங்கே தொடுமுனைகள் 260, வெட்டும் இடம் மாறியிருக்கும், உள்ளேயே போகாது. அதைப் 'பொருந்தாது' என்று சொல்வதே சரி. அந்தச் சொல்லை வடிவத்துக்கென்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, பொருத்தம் என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது கலியாணத்துக்குப் பார்க்கும் சாதகப் பொருத்தம்தான். சிங்களத்திலும் அதற்குப் பொரொந்தம் என்றே பெயர். சாதகம் பொருந்தியது என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்வோம். நினைவகத்தில் அப்படியில்லை. எல் வகை நினைவகத் தகடு 1.5 வோல்ட் கணினியிலும் ஓடும்படி வகுக்கப்பட்டது. மறுபக்கம் அது நடக்காது. திசை உள்ள உறவு இது.

அக்காவின் 'இணக்கம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். அதை இழக்க மனமில்லை, ஆனால் இடம் வேறு. இணங்குவது என்றால் ஒருவர் இறங்கி வருவது. வேகத்தில் அதுதான் நடக்கிறது. 3200 வேகமுள்ள டிடிஆர்4 தகட்டை 2666 வேகத் தகட்டின் பக்கத்தில் போட்டால், பொதுவாக இரண்டும் 2666இல் ஓடும். வேகமானது இறங்கி இணங்குகிறது. மின்னழுத்தத்தில் அந்த விட்டுக்கொடுப்பு இல்லை.

'ஒத்தியல்பு' ஒத்த இயல்பைச் சொல்கிறது. தகட்டுக்கும் கணினிக்கும் என்ன ஒத்த இயல்பு? கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா படியேறிப் போய் ஒருவர் வாய்விட்டுக் கேட்கக்கூடிய சொல்லாகவும் அது இல்லை.

நான் முன்வைப்பது ஒவ்வுதல். நண்டு எனக்கு ஒவ்வாது, இந்த மருந்து அவவுக்கு ஒவ்வவில்லை என்று தினமும் சொல்கிறோம். நண்டு வாய்க்குள் போகும், தொண்டையில் இறங்கும், அதற்குப் பிறகுதான் உடம்பு மறுக்கும். என் 1.5 வோல்ட் தகடு செய்தது அதையேதான். அப்புறம், இந்த வினை நான்காம் வேற்றுமையை எடுக்கும். எது எதற்கு ஒவ்வும் என்று கேட்கும்போதே திசை வந்துவிடுகிறது. 'இந்த றாம் என்ர லப்டொப்புக்கு ஒவ்வுமோ?' கடையில் கேட்டால் தமிழ் தெரிந்த பையனுக்கு விளக்கம் தேவைப்படாது.

குறளில் 'சிறப்பொவ்வா' என்று வருவது சமமாகாமையை அல்லவா சொல்கிறது என்று ஐயா கேட்பார். உண்மை, பழைய பொருள் அதுதான். ஆனால் ஒவ்வாமை என்ற சொல்லை மருத்துவம் எடுத்துக்கொண்ட பிறகு, மக்கள் வாயில் 'உள்ளே போனதை உடம்பு ஏற்பது' என்ற பொருளே நிலைத்துவிட்டது. அந்தப் பொருளின் மேல் கட்டுவதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'முதலில் பழைய தகட்டின் ஒட்டுத்தாளைப் பாருங்கள். வெட்டும் தொடுமுனையும் பொருந்த வேண்டும், மின்னழுத்தமும் கொள்ளளவும் கணினிக்கு ஒவ்வ வேண்டும், வேகம் கூடினால் இணங்கிவிடும்.'

எனக்குத் தீராதது பெயர்ச்சொல்தான். ஒவ்வாமைக்கு எதிராக 'ஒவ்வுமை' என்று நாக்கு தானாகப் போகிறது, ஆனால் அந்த ஆக்கம் சரியா என்று உறுத்துகிறது. 'ஒவ்வுகை' இலக்கணத்தில் பாதுகாப்பானது. வருகை, செய்கை போல நிற்கும். ஐயா, இதில் உங்கள் தீர்ப்பு வேண்டும். வெள்ளிக்குள் எழுதினால் குறிப்பைத் திருத்தி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து