விலை அதிகமான வீடு: குடியிருக்கவா, முதலீட்டுக்கா?

கேள்வி – மாடிவீட்டுக்காரி

நானும் கணவரும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போது பார்த்திருப்பது நான்கு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. வாங்கினால் சேமிப்பு முழுவதும் முன்பணத்துக்கே போய்விடும். தவணை, இருவர் சம்பளத்தில் பாதியைத் தொடும். "மூன்று பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு?" என்றால் கணவர் "இது முதலீடு" என்கிறார். "அப்படியானால் வாடகைக்கு விட்டுவிடலாமே?" என்றால் "குடியிருக்கத்தானே வாங்குகிறோம்" என்கிறார். எந்தப் பக்கம் பிடித்தாலும் நழுவுகிறார்.

அவர் போட்ட கணக்கில் விலை ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறும் என்று ஒரு வரி இருக்கிறது. தரகர் சொன்னாராம்! அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டின் ஓராண்டு வாடகை, விலையில் 2.5 சதவீதம்தான். கடன் வட்டியோ 8 சதவீதம். வீடு பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சமையலறையில் இரண்டு பக்கமும் ஜன்னல். எப்படி முடிவெடுப்பது?

பதில் – கணக்குப்பிள்ளை

முதலில் அந்த 10 சதவீதக் கணிப்பை அடித்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் ஏழெட்டு ஆண்டுகளில் விலை இரட்டிப்பாக வேண்டும். சில இடங்களில் சில காலம் அப்படி நடந்திருக்கிறது. எப்போதும் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜப்பானில் நிலத்தின் விலை 1991இல் உச்சம் தொட்டு, பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே போனது.

8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் கட்டி முடிக்கும்போது வாங்கியதைப் போல இரு மடங்கு கொடுத்திருப்பீர்கள். முதல் தவணையில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகும். பத்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் 69 சதவீதம் பாக்கி இருக்கும். "நடுவில் விற்றுவிடலாம்" என்பவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று: காலப்போக்கில் மதிப்பு ஏறுவது பெரும்பாலும் மண்ணுக்குத்தான், கட்டடம் தேயும். அடுக்குமாடியில் உங்கள் பெயருக்கு வரும் மனைப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். அலங்கார வாசலுக்கும் நீச்சல் குளத்துக்கும் கொடுக்கும் பணம் முதலீட்டில் சேராது.

பதில் – மூன்று முறை மாறியவள்

கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் அவரை எந்த வீட்டுக்காரரும் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் காலி செய்யச் சொன்னதில்லை போலிருக்கிறது. எங்களைச் சொன்னார்கள். புத்தகங்களைக் கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து என் மகன் படித்தான். அந்த நிம்மதிக்கு எந்தச் சதவீதம் போடுவது? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அதற்காக யானை வளை வாங்கச் சொல்லவில்லை. நிம்மதி இரண்டு படுக்கையறை வீட்டிலும் கிடைக்கும்.

பதில் – பழைய வங்கி ஊழியர்

கணவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள் அம்மா: பத்து ஆண்டுகளுக்கு விலை ஒரு காசும் ஏறாது என்று தெரிந்தால் இந்த வீட்டை வாங்குவாரா? ஆம் என்றால் அது குடியிருக்கும் வீடு. தவணை தாங்குமா என்பதை மட்டும் பாருங்கள். இல்லை என்றால், குடியிருக்கிறோம் என்ற நினைப்பையே விட்டுவிட்டு, 2.5 சதவீத வாடகைக்காக 8 சதவீதத்தில் கடன் வாங்குவாரா என்று கேளுங்கள்.

சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒருவருக்கு வேலை போனால் தவணை நிற்காது. அவசரத்துக்கு ஒரு படுக்கையறையை மட்டும் விற்கவும் முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வாங்க முடிந்தால்தான் அது உங்கள் கைக்கு எட்டிய வீடு.

மாடிவீட்டுக்காரி

கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "மகள் மேற்படிப்புக்குப் போய்விட்டால் நாம் இரண்டு பேர்தானே" என்று அவரே சொன்னார். அதே கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். அதன் சமையலறையில் ஒரு ஜன்னல்தான். மனைப் பங்கு எவ்வளவு என்று தரகரிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை பேச்சைக் காணோம்.