லவ்விங் கவுண்டி மக்கள்தொகை 64: அச்சுப்பிழையா?

வரைபடப்பித்தன்:
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மொத்தம் 254 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி). 2020 கணக்கெடுப்புப் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் லவ்விங் கவுண்டிக்கு நேராக வெறும் 64 என்று இருக்கிறது. பின்னால் மூன்று பூஜ்யம் விட்டுப்போயிற்றா? பரப்பளவு 677 சதுர மைல் என்கிறார்கள், அத்தனை பேரையும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் போலிருக்கிறதே!

தூரதேசி:
64தான், சந்தேகமே வேண்டாம். 1940இல் 285 பேர் இருந்தார்கள், அப்புறம் தேய்ந்து 2000இல் 67, 2010இல் 82. இடம் மேற்கு டெக்சாஸ், வடக்கே நியூ மெக்சிகோ எல்லை, இன்னொரு பக்கம் பேகோஸ் ஆறு. ஆறு என்றதும் பச்சைப்பசேலென்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள், அங்கே அதன் தண்ணீர் உப்பு, மழையும் அபூர்வம். தலைமையிடம் மென்டோன், பெயர்தான் தலைமையிடம், தனக்கென்று நகராட்சிகூடக் கிடையாது.

வரைபடப்பித்தன்:
சரி, ஆனால் செயற்கைக்கோள் படத்தில் புதர்க்காட்டு நடுவே வெளிர்நிறச் சதுரங்களாகக் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்பாதை வேறு. ஆளே இல்லாத ஊரில் யார் போட்டது?

கணக்குப்பிள்ளை:
எண்ணெய்க் கிணறுகள். பெர்மியன் படுகை என்கிற எண்ணெய் வளப் பகுதி அங்கேதான் இருக்கிறது, லாரிகளும் தொழிலாளர்களும் ஏராளம். ஆனால் கணக்கெடுப்பில் ஒருவரை, அவர் பெரும்பாலும் வசித்து உறங்கும் இடத்தில்தான் சேர்ப்பார்கள். சில வாரம் முகாமில் தங்கி வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர் சொந்த ஊர்க் கணக்கில் போய்விடுவார். அதனால் 64 என்பது அங்கே குடியிருப்பவர்கள் மட்டும், பகலில் நடமாடுகிறவர்கள் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் 'பேய் கவுண்டி' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தூரதேசி:
ஆமாம், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கவுண்டிக்கு இரண்டு பிறப்பு. 1893இல் நிர்வாகம் அமைத்தார்கள், 1897இல் கலைத்துப் பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியோடு சேர்த்துவிட்டார்கள். எண்ணெய் கிடைத்த பிறகு 1931இல்தான் மறுபடி தனியாக வந்தது.

வரைபடப்பித்தன்:
இவ்வளவு வறண்ட பூமிக்கு 'லவ்விங்' என்று யார் பெயர் வைத்தார்களோ.

கணக்குப்பிள்ளை:
காதல் கீதல் எல்லாம் இல்லை. ஆலிவர் லவ்விங் என்ற மாட்டு வியாபாரியின் குடும்பப்பெயர். பேகோஸ் ஆற்றோரமாக மந்தைகளை ஓட்டிப்போனவர், அந்த வழியில் காயம்பட்டு 1867இல் இறந்தார்.