சீரியல் நடிகை பாப் பாட்டுக்கு மாறினா நிக்க முடியுமா? கைலி மினோக் போன வழி

பாளை_ஹைகிரவுண்ட்:
அண்ணாச்சிமாரே, தங்கச்சி மக சென்னையில சீரியல்ல நடிக்கா. சொந்தப் பாட்டு போட்டு யூடியூப், ஸ்பாட்டிஃபைல விடணும்ங்கா. ஆடிக் கொடைக்கு நம்மூர் மேடையில பாடவும் கேட்டிருக்காங்க. ஆஸ்திரேலியப் பாப் பாடகி கைலி மினோக்கும் சீரியல்லருந்து வந்தவங்கதானேன்னு எடுத்துக்காட்டு வேற. அந்தம்மா எதுக்குப் பொறவு எது பண்ணாங்க? மொதப் பாட்டா பழைய சினிமாப் பாட்டை மாத்திப் பாடிப் போடலாமா?

இசைத்தட்டு_நெல்லை:
வரிசைதான் முக்கியம், சரியாத்தான் கேட்டிருக்கீங்க. கைலி சின்னப்பிள்ளையிலேயே ஆஸ்திரேலிய டிவியில தலைகாட்டியாச்சு. ஆனா பேரு கிடைச்சது 1986ல, ‘நெய்பர்ஸ்’ சீரியல்ல கார் மெக்கானிக் பொண்ணா வந்தப்போதான். ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு நிதி திரட்டுன மேடையில, லிட்டில் ஈவா 1962ல பாடின ‘லோகோமோஷன்’ பாட்டைப் பாடினாங்க. அதையே மஷ்ரூம்ங்கிற இசைத்தட்டுக் கம்பெனி 1987ல வெளியிட்டுது. ஆஸ்திரேலியாவுல 7 வாரம் முதலிடம்.

பொறவு லண்டன்ல ஸ்டாக், ஐட்கென், வாட்டர்மன்னு பாட்டெழுதித் தயாரிக்கிற மூணு பேர் கூட்டணி. கைலி வரப்போறதையே அவங்க மறந்துட்டு, வெளிய உக்கார வச்சு 40 நிமிஷத்துல ‘ஐ ஷுட் பி ஸோ லக்கி’ பாட்டை எழுதிக் கொடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. 1988ல அது பிரிட்டன்ல 5 வாரம் முதலிடம். இதெல்லாம் நடக்கும்போது சீரியல்லயும் இருந்தாங்க, பாத்துக்கிடுங்க. பாட்டு ரெண்டு நாட்டுலயும் நின்னபொறவுதான், 1988ல, சீரியலை விட்டது. நம்மாளுக மொதல்ல சீரியலை விட்டுட்டுப் பாட்டு தேடுதாங்க. கையில காசும் இருக்காது, முகமும் மறந்துபோயிரும்.

1992ல அந்தக் கூட்டணியை விட்டு வெளிய வந்தாங்க. 1997 ஆல்பத்துல வரிகள் பெரும்பாலும் அவங்க பங்கு, ஆனா பிரிட்டன்ல விக்கல. 1999ல பார்லோஃபோன்ங்கிற இசைத்தட்டுக் கம்பெனிக்கு மாறி டான்ஸ் பாட்டுக்கே திரும்பினாங்க. 2001ல வந்த, ‘லா லா லா’ன்னு போற ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’ பாட்டு 126 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 126 தட்டு. கேத்தி டென்னிஸும் ராப் டேவிஸும் எழுதினது. தன் குரலுக்கு எது ஒட்டும்னு தெரிஞ்சு, அடுத்தவங்க எழுதினதை எடுக்கத் தயங்கல. 2024ல கிராமி வாங்கும்போது வயசு 55.

மேலப்பாளையம்_கீபோர்டு:
1997 ஆல்பத்தைத் தோல்வின்னு ஒதுக்கப்படாது வே. ஆஸ்திரேலியாவுல நல்லாவே போச்சு, அடுத்த வருஷம் அங்கே போட்ட டூரும் நல்லா ஓடிச்சு.

விஷயத்துக்கு வாரேன். நடிக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டுல மொத வம்பு கட்டை, அதாவது சுருதி. சினிமாப் பாட்டோட ஒரிஜினல் கட்டையிலயே நிப்பேன்னு அடம் பிடிக்கும். சரணத்துல வர்ற உச்ச ஸ்வரத்தை மூணு தடவை தொடர்ந்து பாடச் சொல்லுங்க. மூணாவதுல கழுத்து நரம்பு புடைச்சா அரைக் கட்டை இறக்குங்க, 5 கட்டைன்னா நாலரை. பல்லவி கீழே போய் முணுமுணுப்பாயிருச்சுன்னா பாட்டே அவளுக்குச் சேராது, விட்டுருங்க.

ரெண்டாவது, டயலாக் பழக்கத்துல ஒவ்வொரு வரிக்கும் அழுத்தம் கொடுப்பாங்க. பாப் பாட்டுல கோரஸ் வரைக்கும் சமமா, பேசுத மாதிரி போகணும். கைலி குரலே கனமான குரல் இல்ல, சன்னம். அப்படிக் குரல்னா ஒரே வரியை ரெண்டு மூணு தடவை தனித்தனியாப் பாட வச்சு அடுக்குங்க. ஒரு தடவை பாடின டேக்கையே காப்பி பண்ணி அடுக்கினா சத்தம்தான் கூடும், செழிப்பு வராது. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, ‘ப’கர மூச்சுக்காத்து மைக்குல அடிக்காம தடுக்குற பாப் ஃபில்டர் வச்சு, 24 பிட்டுல எடுங்க. ஷூட்டிங்ல அழுது கத்துன நாள்ல பதிவு வேண்டாம், மறுநாளும் தொண்டை அடைச்சிருக்கும்.

வண்ணார்பேட்டை_வக்கீல்:
பழைய பாட்டு பத்தி. காப்பிரைட் சட்டம் 31சி பிரிவுல கவர் வெர்ஷனுக்கு, அதாவது பழைய பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவு பண்ணுததுக்கு, வழி இருக்கு. ஒரிஜினல் பதிவான வருஷம் முடிஞ்சு 5 காலண்டர் வருஷம் ஆகியிருக்கணும். உரிமைக்காரருக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து ராயல்டியையும் முன்னாலேயே கட்டணும். அதுவும் வருஷத்துக்குக் குறைஞ்சது 50,000 பிரதிக்குக் கணக்கு. இது ஒலிப்பதிவுக்கு மட்டும்தான், வீடியோவுக்குத் தனி அனுமதி. ஒண்ணும் வாங்காம யூடியூப்ல ஏத்தினா, அடுத்தவங்க பாட்டைத் தானாக் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி பிடிச்சு விளம்பர வருமானம் அடுத்தவங்களுக்குப் போயிரும். புதுப் பாட்டே மேல்.

புதுப் பாட்டுன்னா எழுதினவர், இசையமைச்சவர், பாடினவர், மாஸ்டர் (மூலப் பதிவு) யாருக்குச் சொந்தம்னு நாலையும் பதிவுக்கு முன்னாலேயே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க. எழுத்தாளரும் இசையமைப்பாளரும், பாட்டுக்கு ராயல்டி வசூலிச்சுக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்துல சேரணும். ஒவ்வொரு பதிவுக்குமான அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியை, பாட்டை விநியோகிக்கிற கம்பெனியே போட்டுத் தரும். சேனல் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை புரட்டுங்க, வெளி நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்கணும்னு ஒரு வரி அநேகமா இருக்கும்.

பாளை_ஹைகிரவுண்ட்:
ரொம்ப உபகாரம். கொடை மேடையில ட்ராக் (முன்னாலேயே பதிவு பண்ணின இசை) போட்டுத்தான் பாடப்போறா, கூட ஆட்டமும் உண்டு.

மேலப்பாளையம்_கீபோர்டு:
ட்ராக்கை இடதுலயும், பாடுதவங்க காதுக்கு மட்டும் தாளம் தட்டிக் காட்டுற கிளிக்கை வலதுலயும் வச்சு ஒரே ஃபைலாக் கொண்டுபோவாங்க. நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர் ரெண்டையும் ஒரே சேனல்ல சொருகிட்டா, கிளிக் சத்தம் கோயில் குழாய் ரேடியோ வரைக்கும் ‘டக் டக்’னு கேக்கும். ரெண்டு தனி வயர் கொடுத்து, கிளிக் வயர்ல சிவப்பு டேப் சுத்துங்க. சாயங்காலமே ஒரு தடவை ஓட விட்டுப் பாத்துருங்க, செண்டையும் மேளமும் வந்தபொறவு அவர் உங்க பக்கம் திரும்பமாட்டார்.

ஆட்டத்துக்கு, வேகமா நடந்துகிட்டே முழுப் பாட்டும் பாடிப் பழகட்டும். மூச்சு முட்டுற இடத்துல ஸ்டெப்பைக் குறைங்க, வரியைக் குறைக்காதீங்க. கோரஸ்ல பின்பாட்டு மட்டும் ட்ராக்ல இருக்கட்டும். லீட் குரலையும் சேர்த்து ஓட விட்டா, மைக் கீழே இறங்குன உடனே முன்வரிசைக்காரன் கண்டுபிடிச்சிருவான்.