1907 மாதிரி பயனெட்டில் உள்ள விக்கர்ஸ் முத்திரை: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் பொருத்தப்பட்ட 1907 மாதிரி பிரிட்டிஷ் பயனெட்டுகளை (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகளை), அவற்றின் தயாரிப்பாளர் முத்திரைகளுக்காகவே சேகரித்து வருகிறேன். வில்கின்சன், சாண்டர்சன் பெயர் தாங்கியவை எளிதில் கிடைக்கின்றன. விக்கர்ஸ் தயாரித்தவையோ மிகவும் அரிது. அண்மையில் ஓர் ஏலத்தில் வாங்கிய பயனெட்டில், கத்தி அலகின் அடிப்பகுதியில், கிரீடம், மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்., 1907 என்ற மாதிரி எண், உற்பத்தி ஆண்டான 1917ஐக் குறிக்கும் 17 ஆகியவை தெளிவாகத் தெரிந்தாலும், அவற்றுக்குக் கீழே உள்ள நிறுவனப் பெயர் பாதி தேய்ந்துபோய், விக்கர்ஸ் என்றே படிக்க முடிகிறது.

மறுபக்கத்தில் பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறியும், அலகை வளைத்துப் பார்க்கும் சோதனைக்கான பெருக்கல் குறியும் ஆய்வாளர் முத்திரைகளும் உள்ளன. 17 அங்குல அலகு முழுமையாக இருக்கிறது. 1913இல் கைவிடப்பட்ட, கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள கொக்கி வடிவக் காப்பைப் போலியாக ஒட்டவைத்து விற்பவர்கள் இருப்பதால், அரிய பெயரைப் பின்னாளில் பொறித்திருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு வலுவாகவே இருக்கிறது. பெயரின் எழுத்துகள் மற்ற முத்திரைகளைவிட ஆழம் குறைந்து காணப்படுவதே இதற்குக் காரணம்.

ஐயமற்ற விக்கர்ஸ் பயனெட் வைத்திருப்பவர்கள், எழுத்துகளின் வடிவமும் இடைவெளியும் தெரியுமாறு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நெருக்கமான படத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். தேய்ந்த எழுத்துகளைப் படிக்க, உலோகத்தின் பழைய நிறம் கெடாத முறை எதுவென்றும் தெரிவியுங்கள். அதுவரை எண்ணெய்த் துணியால் துடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யப்போவதில்லை.