மறு: ஓவியக் கலைச்சொல்: 'லோக்கல் கலர்' = தன்னிறம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஓவியத்தில் 'லோக்கல் கலர்' (local colour) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> 'உள்ளூர் நிறம்' என்று போட்டுவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வேண்டாம். ஊருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒளியும் நிழலும் வந்து மாற்றுவதற்கு முன் ஒரு பொருளுக்கு உரிய நிறத்தையே ஓவியர்கள் இப்படிக் குறிக்கிறார்கள். எண்ணெய் வண்ணத்தில் நகரக்காட்சி தீட்டப் பழகுபவர் 'உள்ளூர் நிறம்' என்று படித்தால், அந்த ஊருக்கென்றே ஒரு நிறம் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

> அப்படியானால் 'இயல்நிறம்'?

அழகான சொல். ஆனால் மாலை வெயிலில் சுண்ணாம்புச் சுவர் ஆரஞ்சாகத் தெரிவதும் இயல்புதானே? சுவர் வெள்ளை, கண்ணில் படுவது ஆரஞ்சு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல், தட்டில் வண்ணம் குழைப்பவருக்கு உதவாது. எனவே என் பரிந்துரை தன்னிறம். தன்னலம் என்பதைப் போலவே புணர்கிறது, யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கண்ணில் படுவதைத் தோற்றநிறம் எனலாம். மூன்றாவதாக ஒரு சொல்லும் தேவை: ஓவியர் தம் உணர்வுக்கேற்பத் தேர்ந்து வைக்கும் நிறம். அதை உணர்நிறம் என்கிறேன்.

மூன்றும் வேண்டும் என்பதற்குத் தேம்ஸ் ஆறே சான்று. லண்டன் மூடுபனியில் பாலங்களையும் நாடாளுமன்றத்தையும் பிரெஞ்சு ஓவியர் மோனே திரும்பத் திரும்பத் தீட்டினார். 1904இல் அவை பாரிசில் காட்சிக்கு வந்தன. கல்லின் தன்னிறத்தை விட்டு, அந்தந்த நேரத்துப் பனியில் தெரிந்த தோற்றநிறத்தை அவர் துரத்தினார். அந்தப் படங்கள் பெற்ற வரவேற்பைக் கண்ட கலை வணிகர் வொல்லார், ஆந்திரே தெரேன் என்ற ஓவியரை அதே ஆற்றுக்கு அனுப்பினார். 1906இல் லண்டன் பாலத்திலிருந்து பார்த்துத் தெரேன் தீட்டிய துறைமுகக் காட்சி இன்று டேட் காட்சியகத்தில் இருக்கிறது. முன்னே கப்பல்கள், பின்னே டவர் பாலம். சிவப்பும் மஞ்சளும் நீலத்தோடும் பச்சையோடும் மோதுகின்றன. எந்தப் பனியும் எந்த வெயிலும் அந்த நிறங்களைத் தந்திருக்காது; அவை உணர்நிறங்கள். 'லோக்கல் கலரைக் கைவிட்டார்' என்று இருவருக்கும் ஒரே வாக்கியத்தை எழுதினால், இடையில் நிகழ்ந்த அந்தப் பாய்ச்சல் தமிழில் பதிவாகாமலே போய்விடும்.

> நிறத்தை விருப்பம்போல் மாற்றினால் கட்டடம் கட்டடமாகத் தெரியுமா?

தெரியும், ஒளியளவு சரியாக இருந்தால். எவ்வளவு வெளிர், எவ்வளவு கருமை என்பதையே ஒளியளவு என்கிறேன். வெயில் விழும் சுவருக்குக் காட்மியம் மஞ்சள், நிழல் விழும் சுவருக்கு அல்ட்ராமரின் நீலம் வைத்துப் பாருங்கள். குழாயிலிருந்து பிதுக்கும்போதே மஞ்சள் வெளிர், அந்த நீலம் கருமை. கட்டடத்தின் தன்னிறம் எதுவாயினும் வெயில் வெயிலாகவும் நிழல் நிழலாகவும் நிற்கும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் இது உடனே புலப்படும். புதிதாகப் பழகுபவர்கள் மஞ்சளில் கறுப்பைக் கலந்து நிழலை உண்டாக்கப் பார்க்கிறார்கள். அது மங்கிய பச்சையாகிவிடும். நிழலுக்கு வேறொரு நிறத்தையே எடுத்துவிடுவது நல்லது. அங்கேதான் உணர்நிறத்துக்கு வேலை தொடங்குகிறது.

தன்னிறம், தோற்றநிறம் இரண்டிலும் எனக்குத் தயக்கம் இல்லை. உணர்நிறம் வினைத்தொகையாக நிற்பதால் 'உணரும் நிறம்' என்று பொருள் திரிய இடமிருக்கிறது. 'உணர்வுநிறம்' என்று மாற்றிவிடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். சொல்லைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்.