தொடை வழி ஆஞ்சியோவுக்குப் பிறகு வீக்கம்: இது யார் தவறு?

உசிலம்பட்டியான்:
சித்தப்பாவுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொடை வழியாக ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்து, மறுநாளே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் தொடை இடுக்கில் வீக்கம். கை வைத்தால் துடிக்கிறது. திரும்ப அழைத்துப் போனால், "இது வரக்கூடியதுதான், நாளைக்கு ஸ்கேன் பார்ப்போம்" என்கிறார்கள். ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டு இதென்ன பேச்சு?

கேத்லேப் ஊழியன்:
கிழிக்கவில்லை அண்ணே. ஊசி குத்திய துளை சரியாக மூடாமல் ரத்தம் கசிந்து, வெளியே பை போலத் தேங்கியிருக்கும். சிறியதென்றால் தானே உறைந்துவிடும். பெரியதென்றால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தபடியே அழுத்துவார்கள், அல்லது ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசியைப் பைக்குள் போடுவார்கள். கத்தி வைப்பது அரிது. ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்துத்தான் ஸ்டென்ட் வைக்கிறோம். கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்குக் கசியும்.

உசிலம்பட்டியான்:
கசியும் என்று தெரிந்தும் ஏன் தொடை? 2015இல் வந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் 8,404 நோயாளிகளிடம் தொடை, மணிக்கட்டு இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். மணிக்கட்டு வழியில் ரத்தக்கசிவும் குறைவு, இறப்பும் குறைவு.

கேத்லேப் ஊழியன்:
நானும் மணிக்கட்டுக் கட்சிதான். ஆனால் அங்கேயும் குழாய் இறுகிக்கொள்ளும், அடைபடும். முன்கையில் ரத்தம் கட்டித் தசையை நெரித்தால் விரல்களுக்கே ஆபத்து. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கைக்குழாயை விட்டுவைப்பதும் உண்டு, பின்னால் டயாலிசிஸுக்கு வேண்டும் என்று. சித்தப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு அது.

மேலூர் செவிலி:
நீங்கள் இருவரும் வழியைப் பற்றியே வாதாடுகிறீர்கள். வீக்கமாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஊசி சற்று மேலே குத்தப்பட்டால் ரத்தம் வயிற்றின் பின்புறம் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இடுப்பு வலி, வியர்வை, தலைசுற்றல் மட்டும்தான். ஊரில் அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள்! வலியோடு மயக்கம் வந்தாலும், கால் சில்லிட்டு வெளுத்தாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதுதான் என் கணக்கில் தவறு.

உசிலம்பட்டியான்:
கிரியாட்டினின் 2.8, அதிகம்தான். சரி, தொடைக்குக் காரணம் இருக்கலாம். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லையே?

கேத்லேப் ஊழியன்:
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்களே?

உசிலம்பட்டியான்:
வாங்கினார்கள். ஆங்கிலத் தாளில், அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது.

மேலூர் செவிலி:
அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நாளை டாப்ளரில் பையின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை யாரும் அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம்.