பத்து முந்திரி எத்தனை கலோரி?

மஞ்சக்குப்பம் மாமா:
எடை குறைக்கிறவர்கள் முந்திரிக்குப் பயப்பட வேண்டாம், பத்துப் பருப்பு வெறும் 80 கலோரிதான் என்று போன மாதம் பண்ருட்டியான் இங்கே அருள்வாக்கு சொன்னார். நம்பினேன். நாளுக்கு 1,500 கலோரி, அதில் கொழுப்பு 50 கிராம், புரதம் 90 கிராம் என்று கணக்குப் பார்த்து, ராத்திரி இரண்டு இட்லியோடு கை கழுவுகிற ஆள் நான். மூன்று வாரமாக எடை மெஷின் முள் அசையவில்லை. நேற்று சமையல் தராசில் பத்துப் பருப்பை எண்ணி வைத்தேன். 25 கிராம்! 140 கலோரி, கொழுப்பு மட்டும் 11 கிராம். 80 எங்கிருந்து வந்தது?

பண்ருட்டியான்:
எந்த நம்பர் பருப்பு மாமா? 320 நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு. பவுண்டு 454 கிராம். வகுத்துப் பாருங்கள், பத்துக்கு 14 கிராம், 80 கலோரி. நீங்கள் தின்றது 180 நம்பர். கல்யாணப் பந்திக்குப் போகிற பருப்பைத் தின்றுவிட்டு என்னிடம் கணக்குக் கேட்டால்?

மஞ்சக்குப்பம் மாமா:
அன்றைக்கு நம்பர் சொன்னீர்களா? "பத்து" என்றுதானே சொன்னீர்கள். அதுவும் இது நீங்கள் அனுப்பிய பொட்டலம்!

பண்ருட்டியான்:
ஆமாம், 320 விலைக்கு 180 போட்டேன். பழகின மனுஷராயிற்றே என்று. நல்லது செய்தால் இப்படித்தான். அடுத்த தீபாவளிக்கு உடைசல்தான் வரும், அதை எண்ணிக்கொண்டு உட்காருங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
60 கலோரி வித்தியாசத்துக்கு முள் நின்றுவிடாது தம்பிகளா. தோசைக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறீர்கள்? ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. நல்ல கொழுப்பானாலும் கெட்ட கொழுப்பானாலும் அதே 9தான்.

பண்ருட்டியான்:
அக்கா, எண்ணெய் பேச்சு அப்புறம். பத்துக்கு 80. நான் சொன்னது சரி.

முத்தியால்பேட்டை வெண்ணெய்ச்சட்டி:
கொழுப்பை எண்ணுகிறவன் இளைத்ததாகச் சரித்திரம் இல்லை. சோற்றை விடுங்கள் சார். நான் விட்டு எட்டு மாதம்.

பண்ருட்டியான்:
நீர் சோற்றை விட்ட லட்சணம் தெரியாதா? போன வாரம் பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் பார்த்தேனே. சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தின பிறகு எல்லாரும் நடக்கிறார்கள், நீர் காந்தி சிலைக்கு எதிரே பஜ்ஜித் தட்டோடு நிற்கிறீர். கடலை மாவு எந்தக் கணக்கு?

முத்தியால்பேட்டை வெண்ணெய்ச்சட்டி:
அது தங்கச்சி பையனுக்கு வாங்கியது. அப்புறம், பாண்டிச்சேரிக்கு வந்து நடக்கிற அளவுக்கு உங்கள் ஊரில் என்ன பஞ்சம்? கடலூர் தேவனாம்பட்டினத்தில் மணல் தீர்ந்துவிட்டதா?

முதுநகர்க்காரன்:
எங்கள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையைப் பேசாதீர் ஓய். சும்மா விடமாட்டோம்.

லாஸ்பேட்டை அக்கா:
எண்ணெய்?

பண்ருட்டியான்:
மறுபடியும் சொல்கிறேன், பத்துக்கு 80. புரதமும் இருக்கிறது, 100 கிராமுக்கு 18. இதையும் மறைக்கப் பார்க்கிறார்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
அதே 100 கிராமில் கொழுப்பு 44. மாமாவுக்கு வேண்டிய 90 கிராம் புரதம் முந்திரியிலேயே வர அரைக்கிலோ தின்னவேண்டும். 2,700 கலோரிக்கு மேல். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், குழம்பில் போட்ட மத்தி என்று போனால் வயிறும் நிறையும், முந்திரிக்கு இடமும் இருக்கும்.

முதுநகர்க்காரன்:
மத்தியை வறுத்தால்தான் ருசி அக்கா.

லாஸ்பேட்டை அக்கா:
அதைத்தான் எண்ணெய் என்கிறேன்!

மஞ்சக்குப்பம் மாமா:
எனக்கு ஒரே கேள்வி. பத்து என்றால் 14 கிராமா, 25 கிராமா?

பண்ருட்டியான்:
முந்திரியைத் தராசில் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொட்டை உடைக்கிறோம், அப்பாவுக்கு 72 வயது, தொப்பை கிடையாது.

முத்தியால்பேட்டை வெண்ணெய்ச்சட்டி:
அவர் உடைக்கிறார், நீங்கள் தின்கிறீர்கள். உங்கள் தொப்பையைத்தான் பஜ்ஜிக் கடையில் பார்த்தேனே.

பண்ருட்டியான்:
ஆக, பஜ்ஜிக் கடைக்கு வந்ததை ஒப்புக்கொண்டீர்!

மஞ்சக்குப்பம் மாமா:
பத்து என்றால் எத்தனை கிராம்?